வீட்டிலிருந்து லைனுக்குத் திரும்பிப் போகும் தண்ணீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தால் குடிநீரில் கழிவுநீர் கலந்து ஒரு தெருவே வாந்தி பேதியில் படுத்த செய்தி உங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கூடவே அதிகாரிகளின் விளக்கமும் வரும்: குழாயில் உடைப்பு, சரிசெய்தாகிவிட்டது. உடைப்பு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் குழாய் வேலையைத் தொழிலாகச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உடைப்பே இல்லாத லைனிலும், அதாவது தெருக் குடிநீர்க் குழாயிலும், அழுக்கு ஏறும். வீட்டுக்கு வந்த தண்ணீர், வந்த வழியிலேயே லைனுக்குத் திரும்பிப் போவதுதான் அதற்குக் காரணம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

நம் ஊர்களில் பெரும்பாலும் தண்ணீர் திறந்துவிடும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் லைனில் அழுத்தம் இருக்கும். வால்வை மூடியதும் மேட்டுத் தெருக் குழாயில் மிச்சம் நிற்கும் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து இறங்கும். அது இறங்க இறங்க மேலே குழாய் காலியாகும். காலியாகிற இடத்தை நிரப்ப, வீட்டுக் குழாயின் முனையில் எது இருக்கிறதோ அது உள்ளே இழுக்கப்படும். காற்று இருந்தால் காற்று போகும், கெடுதல் இல்லை. குழாயில் மாட்டிய டியூபின் மறுமுனை டிரம்முக்குள் அமிழ்ந்து கிடந்தால் டிரம் தண்ணீர் போகும். பைக் டேங்கில் டியூபை விட்டு பெட்ரோல் எடுப்பதும் இதே கணக்குதான். துணி அலசிய வாளியோ, மாட்டுக்கு வைத்த தொட்டியோ, பாசி படிந்த சம்ப்போ (தரைக்கடித் தொட்டி), எதில் முனை மூழ்கியிருக்கிறதோ அதிலிருந்து எடுக்கும். மறுநாள் வால்வைத் திறக்கும்போது அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக் குடத்தில் வந்து விழும். "முதல் ரெண்டு குடம் கலங்கலா வரும், கீழ ஊத்திடு" என்று நம் பெண்கள் சொல்வது பழக்கத்தில் வந்த பேச்சு. எல்லாக் கலங்கலும் இப்படி வந்தது என்று சொல்லமாட்டேன், குழாயின் துருவும் இருக்கும். ஆனால் ஒரு பங்கு இதுதான்.

கடைக்கோடித் தெருக்களில் இன்னொன்று பார்க்கலாம். மேலே இருக்கும் குழாய்க்குத் தண்ணீர் ஏறாது. அதனால் வாசலில் இரண்டு மூன்று அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அதற்குள் குழாயை இறக்கி வைத்திருப்பார்கள். குழிக்கு மேலே ஒரு கடப்பைக்கல் மூடி. மூடியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் சேறு, சிந்திய தண்ணீர், சில இடங்களில் பக்கத்துச் சாக்கடையிலிருந்து கசிந்த கறுப்பு நீர். குழாய்க்கு மூடும் திருகே இருக்காது, வெறும் பைப் முனை அந்த நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நிற்கும். ஒரு மழை பெய்தால் முனை முழுகிவிடும். அன்று லைனில் தண்ணீர் நிறுத்தினால் அந்தக் குழி நீர் நேராகக் குடிநீர்க் குழாய்க்குள் போகும். நடுவில் தடுக்க ஒன்றும் கிடையாது.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் ஹோலி கிராஸ் கல்லூரி இருக்கிறது. 1969-ல் அதன் அமெரிக்கக் கால்பந்து அணியைச் சேர்ந்த 97 பேரில் 90 பேருக்கு ஹெபடைடிஸ் தொற்று, அதாவது மஞ்சள் காமாலை வரவழைக்கும் கல்லீரல் நோய். அணியில் ஆடுவதற்கு ஆளில்லாமல் அந்த ஆண்டின் மற்ற ஆட்டங்களையே ரத்து செய்தார்கள். விசாரித்தபோது தெரிந்தது இது: பயிற்சி மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய்கள் தரைமட்டத்துக்குக் கீழே, குழிகளுக்குள் இருந்தன. பக்கத்தில் குடியிருந்த, அந்த நோய் தொற்றிய குழந்தைகள் அங்கே விளையாடிக் குழி நீர் கெட்டிருந்தது. ஊரில் ஓரிடத்தில் தீப்பிடித்து, தீயணைப்பு வீரர்கள் லைனிலிருந்து வேகமாகத் தண்ணீர் எடுத்ததும் அழுத்தம் விழுந்தது. குழியில் இருந்தது குழாய்க்குள் ஏறியது. ஆட்டக்காரர்கள் குடித்த தண்ணீர் அதே லைன். அங்கே தீ விபத்து அன்று நடந்தது, நம் தெருக்களில் வால்வை மூடும் ஒவ்வொரு முறையும் நடக்க வழியிருக்கிறது. மஞ்சள் காமாலை ஏன் தெருத்தெருவாக வருகிறது என்று கேட்பவர்கள் இந்தக் குழிகளையும் பார்க்க வேண்டும்.

மோட்டார் வைத்து லைனிலிருந்து உறிஞ்சுவது இதைவிட மோசம். சும்மா இறங்கும் தண்ணீர் இழுப்பதைவிட மோட்டார் பலமாக இழுக்கும். அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மோட்டார் ஓடும் நேரத்தில் லைனின் ஒவ்வொரு தளர்ந்த இணைப்பும், பக்கத்து வீட்டுக் குழியும் அந்த மோட்டாருக்குத்தான் தண்ணீர் கொடுக்கும் என்பதை யோசிப்பதில்லை. மோட்டார் வைத்தவரே முதலில் அந்த அழுக்கைக் குடிப்பார்.

ஆனால் மோட்டாரைப் பறிமுதல் செய்வதோடு வேலை முடிந்ததாக நகராட்சிகள் நினைப்பது நியாயமில்லை. மாடி இல்லாத வீட்டுக்குக்கூட லைனில் குறைந்தது 7 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறும் அழுத்தம் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 1999-ம் ஆண்டுக் குடிநீர்க் கையேடே சொன்னது. அந்த அழுத்தம் வந்தால் யார் குழி தோண்டப் போகிறார்கள்? விடியற்காலையில் எழுந்து மோட்டார் போடுகிற அம்மாவைத் திருடி மாதிரி நடத்துவதற்கு முன் அந்தத் தெருவின் அழுத்தத்தை அளந்து பார்க்கட்டும்.

அப்புறம் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மேலே இருக்கும் டேங்குக்கு ஒரே பைப், அதில் ஒரு பக்கம் கார்ப்பரேஷன் லைன், மறுபக்கம் போர் மோட்டார், நடுவில் ஒரு கேட் வால்வு. இப்படி இணைத்த வீடுகளை நிறையப் பார்க்கிறேன். வால்வை மூட மறந்து போரைப் போட்டால், மோட்டாரின் அழுத்தம் போர் தண்ணீரைத் தெரு லைனுக்குள்ளேயே தள்ளும். செப்டிக் டேங்குக்குப் பக்கத்தில் போட்ட போர் என்றால் கேட்கவே வேண்டாம். வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டையும் ஒரே பைப்பில் சேர்க்கச் சொல்லி பிளம்பரை வற்புறுத்தாதீர்கள். தனித்தனி பைப் போடச் சொல்லுங்கள்.

தடுப்பதற்குப் பெரிய செலவு கிடையாது. சம்ப்பிலோ தொட்டியிலோ தண்ணீர் விழும் பைப்பின் முனை, தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். பைப்பின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி, அதுவும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல். வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து அளக்கக் கூடாது, வழிகிற மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். நடுவில் காற்று இருந்தால் எந்தத் தண்ணீரும் திரும்பிப் போக முடியாது. இதற்கு இணையான பாதுகாப்பு வேறு இல்லை, கெட்டுப்போக இதில் பாகமும் இல்லை. இடைவெளி விட முடியாத இடத்தில் மீட்டரை ஒட்டி 'நான்-ரிட்டர்ன்' வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) போடலாம். அரை இஞ்ச் வால்வு சில நூறு ரூபாய்தான். ஆனால் மண்ணோ துருவோ சிக்கினால் அது முழுதாக மூடாது, வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி, சாயப்பட்டறை, வாட்டர் சர்வீஸ் நிலையம் மாதிரி இடங்களுக்கு இந்தச் சாதாரண வால்வு போதாது. இங்கிலாந்தில் 1999-ம் ஆண்டு விதிகளின்படி, திரும்பிப் போகக்கூடிய தண்ணீர் எவ்வளவு ஆபத்தானது என்று ஐந்து வகையாகப் பிரித்து, வகைக்கு ஏற்ற தடுப்பு கேட்கிறார்கள். நம்மிடமும் இணைப்பு கொடுக்கும்போதே அப்படிக் கேட்டு வாங்க வேண்டும். இப்போது வைப்புத்தொகை, ரசீது, சாலை தோண்டும் கட்டணம் எல்லாம் சரியாகக் கேட்கிறார்கள். பைப்பின் முனை எங்கே முடிகிறது என்று நான் வேலை செய்த இடங்களில் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

தண்ணீர்ப் பரிசோதனை பற்றியும் ஒன்று. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் குழியிலிருந்து ஏறிய சாக்கடை நீரின் கிருமிகளைக் கொல்ல அந்த அளவு போதாது. தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கழித்து, தெளிந்த பிறகு மாதிரி எடுத்தால் எல்லாம் சுத்தம் என்றுதான் வரும். திறந்துவிட்ட முதல் சில நிமிடங்களில், கடைக்கோடி வீட்டில் எடுத்துப் பார்க்கட்டும். அந்த முடிவைத் தெரு வாரியாக உங்கள் பத்திரிகையும் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். எல்லாவற்றையும் அதற்குள் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். குழிக்குள் இருக்கும் குழாய்களை மட்டுமாவது வார்டு வாரியாகக் கணக்கெடுத்து, தரைக்கு மேலே ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் மூடும் திருகு போட்டுக் கொடுக்கலாம். ஏற்றினால் தண்ணீர் வராத தெருக்களுக்கு அழுத்தம் சரியாகும்வரை லாரியில் குடிநீர் கொடுக்க வேண்டும். மாநகராட்சிகளும் நகராட்சிகளும் இந்த ஒரு வேலையையாவது மழைக்கு முன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழாய்ப் பணி செய்யும் ஒரு வாசகர்,
ஈரோடு.