புறப்பரப்பும் பலபடியும் சந்திக்கும் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூலில் புறப்பரப்பு வேதியியல் ஓர் அலகாகவும், பலபடிகள் (பாலிமர்கள்) ‘அன்றாட வாழ்வில் வேதியியல்’ என்னும் வேறோர் அலகிலும் இடம்பெற்றுள்ளன. கரைசலில் உள்ள பலபடிச் சங்கிலி தன்னை ஈர்க்கும் பரப்பை நெருங்கும்போது என்ன நிகழ்கிறது என்பதற்கும் இரண்டு பக்கங்கள் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

கரியின் மீது ஒட்டும் வாயு மூலக்கூறு தனியாக வந்து தனியாக விலகும்; வெப்பநிலை உயர்ந்தால் ஒட்டிய அளவு படிப்படியாகக் குறையும். பலபடி அப்படியன்று. ஆயிரக்கணக்கான ஒற்றைப்படிகள் (மோனோமர் என்னும் சிறு அலகுகள்) கோத்த சங்கிலி கரைசலில் எண்ணற்ற விதங்களில் சுருண்டு நெளிகிறது. பரப்பில் படியும்போது அந்தச் சுதந்திரத்தில், அதாவது என்ட்ரோபியில், பெரும்பகுதியை இழக்கிறது. ஒவ்வொரு கண்ணிக்கும் கிடைக்கும் ஈர்ப்பு ஆற்றல் இந்த இழப்பை ஈடுகட்டாவிட்டால் சங்கிலி கரைசலிலேயே தங்கிவிடும். சற்றே விஞ்சினாலும் நெடுகப் பரப்பைப் பற்றிக்கொள்ளும். சங்கிலி நீள நீள இம்மாற்றம் கூர்மையாகி, எல்லையற்ற நீளத்தில், சூடேறும் காந்தம் தன் காந்தத்தன்மையை இழப்பது போன்ற மெய்யான நிலைமாற்றமாகவே ஆகிறது. ஒற்றை மூலக்கூறுக்குள் இப்படியொரு நிலைமாற்றம் ஒளிந்திருப்பது இயற்பியலின் பேரழகுகளில் ஒன்று என்பேன். பலபடிச் சங்கிலியின் கணிதமும் காந்தம் நிலைமாறும் கணிதமும் இணைவதை 1972-இல் காட்டிய பிரெஞ்சு அறிஞர் பியர்-ஜில் த ஜென், 1991-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இதன் பயன் ஏட்டோடு நிற்பதில்லை. கலங்கிய நீரில் சிறிதளவு பாலிஅக்ரிலமைடு என்னும் பலபடியைச் சேர்த்தால், ஒரே சங்கிலி இரண்டு மூன்று களிமண் துகள்களைப் பற்றிப் பாலம் அமைக்க, அவை திரண்டு அடியில் படிகின்றன. அளவு மிஞ்சினாலோ ஒவ்வொரு துகளும் முழுவதுமாகப் போர்த்தப்பட்டு, பாலத்துக்கு இடமின்றி, நீர் கலங்கியே நிற்கும். கரித்தூளும் கருவேலம் பிசினும் கலந்த பழங்கால மையில் வேண்டப்பட்டது இந்தப் போர்வையே. கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது அதுதான். ஒரே விதி ஓரிடத்தில் திரட்டவும் மற்றோரிடத்தில் பிரித்துவைக்கவும் உதவுவதை மாணவர் அறிந்தால், ‘எவ்வளவு சேர்ப்பது’ என்ற கேள்வியின் ஆழம் அவர்களுக்குப் புலப்படும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நம் முன்னோர் நீர் தெளிவிக்கப் பானையில் உரசிய தேற்றாங்கொட்டையிலும் நீண்ட பலபடிச் சர்க்கரைகள் உள்ளன. அதன் சாற்றை வெவ்வேறு அளவில் சில குவளைக் கலங்கல் நீரில் சேர்த்து, எது முதலில் தெளிகிறது என்று பார்க்கும் செய்முறையைப் பாடநூல் குழு சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.