குஞ்சு பார்க்க மட்டுமல்ல, முட்டை தேடவும் பிள்ளைகள் வரட்டும்

ஆசிரியருக்கு,

பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைகளில் பெசன்ட் நகர் கடற்கரையில் கூட்டம் அலைமோதுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டுத் திரும்பும் பிள்ளைக்குக் கடலோடு என்ன ஒட்டும்? ஜனவரி முதல் மார்ச் வரை, ஓர் இரவாவது பிள்ளைகளை, கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடிப் பொரிப்பகம் சேர்க்கும் ஆமை நடைக்கு அனுப்புமாறு பள்ளிகளையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறோம்.

நள்ளிரவில் நீலாங்கரையில் தொடங்கினால் பெசன்ட் நகர்வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும். டிராக்டர் சக்கரம் போனதுபோல ஆமையின் தடம் கரையேறி, மீண்டும் கடலுக்கு இறங்கியிருக்கும். இரண்டு தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கே மெல்லிய குச்சியை மெதுவாக இறக்கிப் பார்க்க வேண்டும். குச்சி தடையின்றி உள்ளே போனால் அடியில் குழி இருக்கிறது. அதன்பின் கையால் மட்டுமே தோண்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழத்தில், பானை வடிவக் குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள், உருட்டாமல் எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் வைக்க வேண்டும். தாமதித்தால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டை புரண்டால் கரு சாகும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும்.

1970களில் தொடங்கிய இந்த நடையை 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று நடத்திவருகிறது. இங்கு நடந்த மாணவர்கள் சிலர் பின்னாளில் கடலாமை ஆய்வாளர்களே ஆனார்கள். தன் கையால் முட்டையைப் புதைத்த பிள்ளைக்கு, 2025 ஜனவரியில் சென்னையிலும் அண்டைக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியது வெறும் செய்தியாக இருக்காது. ஆமை மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும், இழுவலைக்குள் சிக்கினால் மூழ்கிச் சாகும் என்பதை அந்தப் பிள்ளையே வீட்டில் சொல்லும். தெருவிளக்கை நோக்கித் தவறான திசையில் ஊரும் குஞ்சைக் கண்டவர் கடற்கரை விளக்கை அணைக்கத் தயங்குவதில்லை.

குஞ்சு விடும்போதும் சில கட்டுப்பாடுகள் தேவை. குஞ்சுகளைக் கையில் கொடுக்கக் கூடாது. நீர்விளிம்புக்குச் சில மீட்டர் முன்பே இறக்கி, தானாக ஊரவிட வேண்டும். குஞ்சுக்கும் கடலுக்கும் இடையே யாரும் நிற்கலாகாது. ஆழமான காலடிக் குழியில் விழுந்தால் அதனால் ஏற முடியாது. பார்வையாளர் வரட்டும் என்று குஞ்சுகளைக் கூடையில் காக்கவைப்பது பெரும் தவறு. முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து மிஞ்சிய சக்தியில்தான் அவை ஆழ்கடல்வரை நீந்த வேண்டும். அது கூடைக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

நடைக்கு ஒரு குழுவில் இருபது பேர் போதும். டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் வேண்டாம். ஆமை கரையேறாமல் திரும்பிவிடும்.

இப்படிக்கு,
ஆமை நடைத் தன்னார்வலர்கள்,
சென்னை.