காணொலிக் கூட்ட அறைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறைச் செயலாளர் அவர்களுக்கும் மாவட்ட அலுவலகத் தலைவர்களுக்கும்,

வணக்கம். நில எடுப்பு, ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை, பாதிக்கப்பட்ட குழந்தைகளின் விவரம் என வெளியே கசியக்கூடாத பலவும் இன்று வி.சி. அறைகளில்தான் (காணொலிக் கூட்ட அறைகளில்தான்) பேசப்படுகின்றன. அங்குள்ள கேமராவையும் மைக்கையும் யார், எப்போது, யாருடைய அனுமதியுடன் இயக்கலாம் என்று எழுத்தில் வரையறுத்திருக்கும் அலுவலகங்களை, இக்கருவிகளை நிறுவிப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் டி.வி.யை அணைத்து, கதவைப் பூட்டிச் சாவியை மாட்டிவிட்டால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். டி.வி. அணைந்தாலும் அதனோடு இணைந்த கருவி விழித்துத்தான் இருக்கும். அழைப்பைத் தானாக ஏற்கும் அமைப்பு அதில் இயங்கிக்கொண்டிருந்தால், வெளியிலிருந்து அழைப்பவருக்கு யாரும் பொத்தானை அழுத்தாமலேயே இணைப்பு கிடைத்துவிடும். 2012 ஜனவரியில் ராபிட்7 என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஹெச்.டி. மூர் இதைத்தான் வெளிக்கொண்டு வந்தார். இணையத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் அலசியபோதே, இவ்வாறு தானாகத் திறந்துகொள்ளும் கூட்ட அறைகள் ஆயிரக்கணக்கில் அவருக்குத் தட்டுப்பட்டன. தொலைவிலிருந்தே கேமராவைத் திருப்பவும் காட்சியை நெருக்கிப் பார்க்கவும் முடிந்தது. வெளியிலிருந்து வரும் தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலுக்குள் வைத்தால் அழைப்பு சரியாகக் கிடைப்பதில்லை என்பதற்காகக் கருவியை அதற்கு வெளியே, நேரடி இணைய முகவரியில் வைத்துவிடுவதே இதற்கு முக்கியக் காரணம். கூட்டம் தொடங்க ஐந்து நிமிடமே இருக்கும்போது, எப்படியாவது இணைப்பு கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் இதே வழியைக் கையாளும் வழக்கம் இன்றும் முற்றாக மறையவில்லை.

உள்ளிருந்து வரும் சிக்கலும் சிறிதல்ல. ஓர் அலுவலகத்தில், மேசை மைக்கின் அடிப்பக்கத்தில் நிர்வாகக் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருந்ததைக் கண்டேன். அது தயாரிப்பாளர் கொடுத்த கடவுச்சொல்லேதான், ஒருமுறைகூட மாற்றப்படவில்லை. வேறோர் இடத்தில் யாரோ தம் சொந்தக் கணக்கில் நுழைந்து குடும்பத்தாருடன் பேசிவிட்டு அப்படியே போயிருந்தார். அடுத்து வந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே ஆய்வுக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். இதில் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அரசுக் கூட்டத்தின் அழைப்பு விவரங்கள் ஒரு தனிமனிதரின் கணக்கில் தங்கிவிட்டன.

இணையவழி அத்துமீறல் குறித்த தகவலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பயன்பாட்டுப் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று, இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சேர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு அரசு அமைப்புகளுக்கும் பொருந்தும். கருவியை யார் பயன்படுத்தினார் என்பதே தெரியாத அலுவலகம் எதை, எப்படித் தெரிவிக்கும்? 2023 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் காணொலி விசாரணைக்குள் புகுந்தவர்கள் ஆபாசக் காட்சிகளை ஓடவிட்டதால், அந்த வசதியையே தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. அங்கே அத்துமீறல் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஓசையின்றிக் கேட்டுக்கொண்டிருப்பவரைக் கண்டறிவது அதைவிடக் கடினம்.

ஆகவே ஒவ்வொரு வி.சி. அறைக்கும் ஓர் அலுவலரைப் பெயர் குறிப்பிட்டுப் பொறுப்பாக்குங்கள். தானாக அழைப்பை ஏற்கும் அமைப்பை முடக்கி, கடவுச்சொல்லை மாற்றி, கருவியை ஃபயர்வாலுக்குள் கொண்டுவந்த பிறகே ஒப்பந்ததாரரின் பில்லுக்குக் கையொப்பமிட வேண்டும் என்று ஆணையிடுங்கள். கூட்டம் இல்லாத வேளையில் லென்ஸை மூடிவைப்பதும் மின் இணைப்பைத் துண்டிப்பதும் செலவே இல்லாத காரியங்கள். பயன்பாட்டுப் பதிவேட்டில் அழைத்தவர், நேரம், அனுமதி அளித்தவர் ஆகிய மூன்று விவரங்கள் இருந்தால் போதும். இந்தக் கட்டுப்பாடு, இளநிலை உதவியாளர்களை அறைக்குள்ளேயே விடாமல் தடுப்பதாக மாறிவிடக்கூடாது என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். கூட்டத்துக்கு முன்பே வந்து இணைப்பைச் சரிபார்ப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு உரிய பயிற்சியும் எழுத்துமூல அனுமதியும் வழங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காணொலிக் கருவிகளைப் பராமரிக்கும் ஒரு தொழில்நுட்பப் பணியாளர்