கோரிக்கை மனு: 1.30 மணிக்கு மேல் இரண்டு வகுப்பறைகளைத் திறந்துவிடக் கோருதல்

பெறுநர்: இணை இயக்குநர் அவர்கள், கல்லூரிக் கல்வித் துறை, பெங்களூரு.
அனுப்புநர்: பி.காம் இரண்டாமாண்டு வழிகாட்டி மாணவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கன்னடத்தில் கொடுத்த இரண்டு மனுக்களுக்கும் பதில் இல்லை. தாங்கள் தமிழ் அறிந்தவர் என்பதால் இதைத் தமிழில் எழுதி, கன்னடப் பிரதியையும் இணைத்துள்ளோம். ஸ்ரீராமபுரம், ஓக்கலிபுரம் பிள்ளைகள் நடந்தே வரும் கல்லூரி எது என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1. முதலாண்டில் ஒரே பிரிவில் 140 பேர். கணக்கியலுக்கு ஒரு கெஸ்ட் லெக்சரர். 55 நிமிடத்தில் ஆளுக்கு அரை நிமிடம்கூட வராது. அவரைக் குறை சொல்லவில்லை.

2. அதனால்தான் வழிகாட்டிக் குழு. 12 பேருக்கு ஒரு இரண்டாமாண்டு மாணவர். எங்கே தடுக்கியது என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது. அவர் பாடம் நடத்தக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும். வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில் (நம் கேஷ்புக் இருப்பும் வங்கியின் பாஸ்புக் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டுவது) கேஷ்புக் இருப்பிலிருந்து தொடங்கி 'கொடுத்த செக் இன்னும் வங்கிக்கு வரவில்லை என்றால் கூட்டு' என்று மனப்பாடம் செய்தவர், பாஸ்புக் இருப்பிலிருந்து தொடங்கச் சொன்னதும் அங்கேயும் கூட்டுவார். "செக் கொடுத்தது கேஷ்புக்குக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியுமா?" என்று கேட்டால் கழிக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார். தோற்றவர்களை மட்டும் அழைத்தால் 'மக்கு வகுப்பு' என்று பெயர் விழும், யாரும் வரமாட்டார்கள். அமெரிக்காவில் 1973இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் தொடங்கிய இதுபோன்ற முறையும் கடினமான பாடத்தைத்தான் குறிவைத்தது, மாணவரை அல்ல.

3. அறை. 1.30க்கு எல்லா அறையும் பூட்டு. மாடிப்படியில் உட்காருகிறோம். ஆறு பேர் மேல்படி, ஆறு பேர் கீழ்ப்படி, நடுவில் ஒரு நோட்டு. மேலே இருப்பவர்களுக்குப் பற்றுப் பக்கம் தலைகீழாகத் தெரிகிறது. போர்டு இல்லாமல் பேரேடு எப்படிப் போடுவது? யாராவது ஏறி இறங்கினால் எல்லோரும் எழுந்து வழிவிட வேண்டும், கணக்கு பாதியில் நிற்கும். சாரல் அடித்தால் அதுவும் போச்சு. அட்டெண்டரைக் கேட்டால் சூப்பரின்டெண்டென்ட், அவரைக் கேட்டால் பிரின்சிபால், அவரைக் கேட்டால் மேலிடத்து உத்தரவு. மேலிடம் தாங்கள்தானே ஐயா?

4. கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும் மாதத்தில் மட்டும் வழிகாட்டிப் பதிவேடு நிரம்புகிறது. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. நாக் தலைமையகம் நம்ம நாகரபாவியில்தான் இருக்கிறது, நாங்களே போய்ப் படிக்கட்டைக் காட்டட்டுமா?

5. கேட்பது: இரண்டு அறை, திங்கள், புதன், வெள்ளி 1.30 முதல் 2.30 வரை. இப்போது வருவது 70 பேர், ஆறு குழு. ஒரு நாளைக்கு இரண்டு குழு என்றால் வாரத்தில் முடிந்துவிடும். கால அட்டவணையில் இந்த மணியை அச்சிட வேண்டும். அச்சில் இல்லாத வகுப்புக்கு முதலாண்டுப் பிள்ளைகள் நிற்பதில்லை, பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். பணம் கேட்கவில்லை. சாக்பீஸ்கூட நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

6. அறை, ஐயா. சாவியை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். உள்தேர்வுக்கு முன் உத்தரவு வந்தால்தான் இந்தப் பருவத்துக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஆறு வழிகாட்டி மாணவர்கள்