முதுநகரிலிருந்து அம்மா

பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன் போட்டால் இரண்டு நிமிஷத்தில் "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. சம்பளத்தில் கொஞ்சமாவது உன் பேரில் தனியாகப் போட்டு வை.

அப்பாவின் தச்சுப் பட்டறையைத் திறந்துவிட்டோம். நான் தனியாக இல்லை, குழுவில் ஆறு பேர். பெரியத்தைக்குப் பிடிக்கவில்லை. "ஆம்பளை இல்லாத பட்டறையில பொம்பளைங்களுக்கு என்ன வேலை" என்று வாசலில் நின்று கேட்டார்கள். அதற்கு நம் மீன்கார சின்னம்மா சொன்ன பதிலைக் கடிதத்தில் எழுத முடியாது, நேரில் வந்தால் சொல்கிறேன்.

புயல் பாதுகாப்பு மையத்துக்கு மடக்குத் தட்டி செய்கிறோம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த ராத்திரி, பள்ளிக்கூடத்தில் நானும் அத்தையும் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு உன்னைச் சுற்றி நின்றோமே, நீ மறந்திருக்க மாட்டாய். அதற்கு ஏழு வருஷம் முன்னால் சுனாமி வந்தபோதும் பெண்களுக்கு அதே புடவை மறைப்புதான். அப்புறம் மையம் வந்தது, விளக்கு வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது. ஒரு பெண்பிள்ளை துணி மாற்ற மறைவு வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கிவிட்டோம். ஐப்பசி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும்.

முழு ப்ளைவுட்டில் செய்தால் உறுதியாக இருக்கும், ஆனால் தூக்க ஆள் வேண்டும். 18 மி.மீ. பலகை எட்டடிக்கு நாலடி ஒன்று முப்பது கிலோவுக்குக் குறையாது. காற்றடிக்கிற நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவது? அப்போதுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது. காலேஜ் லீவில் வந்தபோது துறைமுக ஸ்டேஷனில் தண்டவாளத்தைக் காட்டிச் சொன்னாயே, வளையாமல் இருக்க முழுக்கக் கெட்டியாக இருக்க வேண்டியதில்லை, மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும்தான் பாரத்தை வாங்குகின்றன, நடுவில் இருப்பது அவை இரண்டையும் நகரவிடாமல் தள்ளிப் பிடித்தால் போதும் என்று. அப்பா அன்றைக்குச் சிரித்தார். மறுநாள் டீக்கடையில் "எம் பொண்ணு சொன்னா" என்று ஆரம்பித்து அதையே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். உனக்கு இது தெரியாது. அவர் திதிக்கு நீ வந்திருந்தால் டீக்கடைக்காரரே சொல்லியிருப்பார். வேலை இருந்திருக்கும், போகட்டும்.

இரண்டு பக்கமும் 3 மி.மீ. ப்ளை, நடுவில் 25 மி.மீ. கெட்டித் தெர்மகோல், சுற்றிலும் அப்பா மிச்சம் வைத்துவிட்டுப் போன தேக்கு ரீப்பர் கட்டை. ஆறடிக்கு இரண்டடி. ஒரு பலகை எட்டுக் கிலோவுக்குள் நின்றுவிட்டது. சின்னம்மா ஒற்றை ஆளாக இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்து காட்டினாள். ஐஸ் பெட்டி தூக்கிப் பழகிய உடம்பு, அவளை வைத்துக் கணக்குப் போடக் கூடாதுதான், ஆனால் நானும் தூக்கினேன். முட்டி வலிக்கு டாக்டர் மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார், அதை விடு.

பசைதான் பெரிய பாடு. மைக்கா ஒட்டுகிற ரப்பர் பசையைத் தெர்மகோலில் தடவினால் கண்ணெதிரே கரைந்து குழி விழும். படகுக்கு பைபர் போடுகிறவர்கள் பாலியெஸ்டர் ரெசின் தருவதாகச் சொன்னார்கள், அதுவும் தெர்மகோலைத் தின்றுவிடும். எப்பாக்சிதான் ஒத்துவருகிறது. இரண்டு டப்பாவையும் சொன்ன அளவுக்குக் கலந்து, உடனே தட்டில் மெலிசாகப் பரப்பிவிட வேண்டும். கலந்த டப்பாவிலேயே விட்டால் தன்னாலே சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும். இந்த ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம், அதனால் விடிவதற்குள் ஒட்டி முடித்துவிடுகிறோம். ஒட்டியதும் பாலிதீன் விரித்து மேலே பலகை போட்டு, செங்கல் அடுக்கி மறுநாள்வரை விட்டுவிட வேண்டும். அடியில் தரை சமமாக இருப்பது முக்கியம். கோணல் தரையில் வைத்தால் பலகை அந்தக் கோணலோடேயே இறுகிப்போகும், அப்புறம் யாராலும் நிமிர்த்த முடியாது. நூல் பிடித்துப் பார்த்துத்தான் வைத்தோம். நூல் பிடித்தால் உனக்கு இருக்கிற கண் இங்கே ஒருத்திக்கும் இல்லை. பத்து வயதில் நீ "கால் நூல் தூக்குதுப்பா" என்று சொல்லி அவர் இழைத்த கதவைத் திரும்ப இழைக்க வைத்தாய்.

இறுகினதும் விரல் முட்டியால் ஓரத்திலிருந்து ஓரம்வரை தட்டிப் பார்க்கிறேன். பசை பிடித்த இடத்தில் டொக் டொக்கென்று கட்டியாகக் கேட்கும். பிடிக்காத இடத்தில் உள்ளே காலியானது போலச் சத்தம் அகண்டு போகும், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. போனில் நீ "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று சொல்லும்போது எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது. தப்பாக இருந்தால் சந்தோஷம். முன்பெல்லாம் பின்னால் மாப்பிள்ளை கிரிக்கெட் பார்க்கிற சத்தம் கேட்கும். இப்போது யாரோ பெண்பிள்ளைகள் வாளிக்குச் சண்டை போடுகிற சத்தம் கேட்கிறது. அவரைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் வெளியூர் என்கிறாய். வேளைக்குச் சாப்பிடு.

ஆடி முடிந்து பண்ருட்டி முந்திரி அனுப்பினேன் இல்லையா, அது திரும்பி வந்துவிட்டது. வீட்டில் அந்தப் பேரில் யாரும் இல்லை என்று எழுதியிருந்தது. பெரியத்தையிடம் சொல்லவில்லை. டப்பாவைப் பிரிக்காமல் பரணில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை உன் ஆபீசுக்கு அனுப்புவது அதனால்தான். புது முகவரி இருந்தால் எழுது, முகவரி மட்டும் போதும், வேறொன்றும் எழுத வேண்டாம். பணம் உன் பேரிலேயே இருக்கட்டும், நகையும் உன் கையிலேயே இருக்கட்டும்.

தட்டி விஷயத்தில் இன்னும் இரண்டு வேலை பாக்கி. தெர்மகோல் தீப்பிடித்தால் கறுப்புப் புகை விடும், சமையல் நடக்கிற பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது. அதைப் பெரிய எழுத்தில் பெயின்டில் எழுதிவிடுகிறோம். ஓரமெல்லாம் மரத்தால் அடைத்து வார்னிஷ் இரண்டு கை அடித்தாயிற்று, தண்ணீர் உள்ளே போனால் ப்ளை உப்பிவிடும். இன்னொன்று கீல். தெர்மகோலில் ஸ்குரூ நிற்காது, அதற்காகக் கீல் வரும் இடத்தில் உள்ளே அகலமான மரக்கட்டை வைத்து, மூடுவதற்கு முன்னால் வெளியே பென்சிலில் குறித்துக்கொண்டோம். ஆனால் இங்கே கிடைக்கிற கீல் எல்லாம் உப்புக் காற்றுக்கு ஒரு மழைகூடத் தாங்காது.

நீ வந்தால் கீல் வாங்கிக்கொண்டு வா. மூணு அங்குலம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தம் வைத்துப் பார்த்து வாங்கு, ஒட்டினால் வேண்டாம். ஒரு தட்டிக்கு மூன்று பலகை, இரண்டு மடிப்பு, மடிப்புக்கு மூன்று கீல். நான்கு தட்டிக்கு 24. லீவு எத்தனை நாள் என்று நான் கேட்க மாட்டேன், பெரியத்தை கேட்டால் குழு வேலைக்கு இன்ஜினியர் வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், அது பொய்யும் இல்லை. மாடி அறையில் ஃபேன் மாற்றியாயிற்று. கீலுக்குப் பில் வாங்க மறக்காதே, குழுக் கணக்கில் எழுத வேண்டும்.

அம்மா