மீனாவுக்கு, அந்த வேலை பற்றி

அன்புள்ள மீனா,

கேசினோக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிற வேலைக்குச் சேரலாமா என்று அன்று போனில் நீ கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சூதாட்டக் கம்பெனியா, வேண்டாம்னு சொல்லு" என்று ஒரே பிடியாக நின்றார். நீயோ, "சட்டப்படி நடக்கிற தொழில்தானே அம்மா, யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே" என்றாய். உங்கள் இரண்டு பேர் பேச்சிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அப்பா கட்சி. சீட்டைத் தொட்டாலே பாவம் என்பதை நான் ஒப்பமாட்டேன். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, பந்தி முடிந்ததும் உன் பெரியப்பாக்கள் ஜமுக்காளம் விரித்து ரம்மி ஆடாத கல்யாணம் நம் வீட்டில் எது? ஜெயித்தவர் விடியற்காலையில் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுப்பார். அப்பாவும் உட்காருவார். (இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடப்போகிறேன், மறுக்கட்டும் பார்க்கலாம்.) அங்கே காசு உட்கார்ந்தவர்களுக்குள்ளேயே சுற்றும். வெளியே நின்று கல்லா கட்டுகிறவர் யாரும் கிடையாது.

கேசினோவில் அப்படி இல்லை. ரூலெட் என்று ஒரு ஆட்டம், சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் வைப்பார்கள். அந்தச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூட ஒரு பூஜ்யம், ஆக 37 கட்டம். ஒரு எண்ணில் 100 ரூபாய் வைத்து அதுவே விழுந்தால், வைத்த பணத்தோடு சேர்த்து 3,600 கைக்கு வரும். சரி, 37 கட்டத்திலும் 100 வைத்தால்? போட்டது 3,700, திரும்புவது 3,600. எந்த எண் விழுந்தாலும் கடைக்காரருக்கு 100 நிச்சயம். சக்கரத்தில் ஒரு தில்லுமுல்லும் வேண்டாம். நேர்மையாக ஆடினாலே போதும்.

அதாவது நூற்றுக்கு 2 ரூபாய் 70 பைசா. கணக்குப் போட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தபாலாபீஸ் ஏஜெண்டாக இருந்தபோது, மாதா மாதம் கட்டுகிற ஆர்.டி. சேமிப்பு வசூலுக்கு எனக்குக் கிடைத்த கமிஷன் நூற்றுக்கு 4! அப்படிப் பார்த்தால் உன் அம்மா கேசினோவைவிடப் பெரிய கொள்ளைக்காரி. அந்த 4 ரூபாயை அரசு கொடுத்தது, கட்டியவர் பணத்திலிருந்து போகவில்லை என்பது இருக்கட்டும். நான் வாங்கிக் கட்டிய நூறு ரூபாய் ஐந்து வருடத்துக்கு இடத்தைவிட்டு அசையாது. கேசினோவில் அதே நூறு மேசைக்குப் போகும், திரும்பி வரும், மறுபடி போகும். ஒவ்வொரு தடவையும் அந்த 2.70 தேயும். ஒரு மணி நேரம் ஆடிவிட்டு எழுந்து போகிற சுற்றுலாக்காரரால் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. எழுந்திருக்க முடியாதவர்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறவர். என் உறுத்தல் எல்லாம் இந்த இடத்தில்தான்.

என்னிடம் ஆர்.டி. கார்டு போட்டவர்களில் பீடி சுற்றுகிற பெண்கள் நிறைய. அதில் ஒருத்தி மாதம் 100 ரூபாய் கட்டிவந்தாள். புருஷன் லோடு ஏற்றுகிறவர், தங்கமான மனுஷன், குடி கிடையாது. அப்போது பஸ் ஸ்டாண்டு கடைகளில் சிக்கிம், பூட்டான் என்று லாட்டரிச் சீட்டு சரம் சரமாகத் தொங்கும். ஒற்றை இலக்கம் பொருந்தினாலே பரிசு என்ற 'ஒரு நம்பர்' சீட்டு வந்த பிறகு குலுக்கலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். காலையில் வாங்கினால் சாயங்காலம் தெரிந்துவிடும், தோற்ற சூடு ஆறுவதற்குள் அடுத்த சீட்டு. "இந்த மாசம் விட்டிருங்கக்கா" என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். நாலு தவணை விட்டால் கணக்கே நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டினால்தான் உயிர் வரும். அதனால் மூன்றாவது தவணையும் தவறியதும் நானே வீட்டுக்குப் போனேன்.

அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ரப்பர் பேண்டு போட்ட பழைய சீட்டுக் கட்டை எடுத்துக் காட்டினாள். அவர் ஒன்றைக்கூடக் கிழித்துப் போடவில்லை. ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் அன்றைக்கு விழுந்த நம்பரைப் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். இவரிடம் 7 இருந்த அன்று விழுந்தது 8. இவரிடம் 3 இருந்த அன்று விழுந்தது 2. "பக்கத்துல வந்து வந்து போகுதுக்கா" என்று அவளே அவருக்குப் பரிந்து பேசினாள்.

காசு போட்டால் படங்கள் சுழன்று நிற்கிற இப்போதைய ஸ்லாட் மெஷின்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு படம் ஒன்றாக விழும், மூன்றாவது ஒரு கட்டம் தள்ளிப்போய் நிற்கும். அது சுத்தத் தோல்விதான். ஆனால் மனசு அதை 'கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டோம்' என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஆடச் சொல்கிறது. ஆராய்ச்சி செய்தவர்கள் இதை எப்போதோ எழுதிவிட்டார்கள். மெஷின் செய்கிறவர்களும் படித்திருப்பார்கள்தானே.

நம் ஊரில் லாட்டரியை ஆரம்பித்து வைத்ததும் அரசுதான். 1968-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது, "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று சொல்லி விற்றார்கள். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தடை போட்டது. ஆசை உள்ளவர்கள் செங்கோட்டையில் பஸ் ஏறி ஆரியங்காவுக்குப் போய்க் கேரளச் சீட்டு வாங்கினார்கள். ஆனால் பஸ் ஏற வேண்டியிருந்ததே, அந்தச் சோம்பலிலேயே பலர் நின்றுபோனார்கள். பீடிக்காரியின் புருஷனும் அதில் ஒருவர். கேரளத்தில் 1967-லிருந்து அரசே லாட்டரி நடத்துகிறது. காருண்யா சீட்டில் வரும் பணம் ஏழை நோயாளிகளின் வைத்தியத்துக்குப் போகிறது. நடக்க முடியாதவர்கள் பலர் சீட்டு விற்றுப் பிழைக்கிறார்கள். இதைச் சொல்லி யாராவது வாதாடினால் என்னால் முழுக்க மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு கூலிக்காரரின் ஆசையை விற்று இன்னொரு கூலிக்காரருக்கு ஆஸ்பத்திரிச் செலவு பார்ப்பதைவிட, இருப்பவர்களிடம் வரியாகவே வாங்கிவிடலாமே என்றுதான் தோன்றுகிறது.

இப்போது நீ இருக்கிற ஊருக்கு வருகிறேன். சிங்கப்பூரில் 2005-ல் அனுமதி கொடுத்து, 2010-ல் இரண்டு கேசினோக்களைத் திறந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2019-ல் அதை 150 ஆக்கினார்கள். அதுவும் 24 மணி நேரத்துக்குத்தான். குடும்பத்தார் விண்ணப்பித்தால் அப்பாவையோ மகனையோ உள்ளே விடாமல் தடுக்க உத்தரவு வாங்கலாம். திவாலானவர்களுக்கும் அரசு உதவித்தொகையில் வாழ்கிறவர்களுக்கும் தானாகவே தடை உண்டு. அருமையான ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். வொர்க் பெர்மிட்டில் கட்டட வேலைக்குப் போயிருக்கிற நம்மூர்ப் பையனும் அந்தக் கணக்கில் வெளிநாட்டவன்தான். கோவாவிலும் இதே கதை. மாண்டவி ஆற்றில் கேசினோக் கப்பல்கள் மிதக்கின்றன, ஆனால் கோவாக்காரர்கள் உள்ளே போய் ஆடக்கூடாது என்று 2020-ல் தடை போட்டார்கள். தன் பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்த பண்டத்தை விருந்தாளிக்குப் பரிமாறுகிற வீட்டை நாம் என்ன சொல்வோம்?

'யாரையும் இழுக்கவில்லையே' என்றாயே. தருமரையும் யாரும் இழுக்கவில்லை. ஒரு மண்டபம் கட்டினார்கள், பார்க்க வா என்று அழைப்பு அனுப்பினார்கள், அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் தருமர் புத்தி கெட்டதைப் பேசுவார்கள், மண்டபத்துச் செலவுக்கணக்கை யாரும் கேட்பதில்லை. நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், உனக்கு அவர்கள் தருகிற வேலை அந்த அழைப்பை எழுதுகிற வேலை. ஆடுகிறவர் கேசினோ கொடுத்த உறுப்பினர் கார்டைச் செருகியதும் எவ்வளவு நேரம் இருந்தார், எவ்வளவு விட்டார் எல்லாம் பதிவாகும். ஒரு மாதமாக வராதவருக்கு இலவச அறையும் சாப்பாட்டுக் கூப்பனும் அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்பினால் திரும்பி வருவார் என்று உன் புரோகிராம் கண்டுபிடிக்க வேண்டும். அவர் வராமல் இருந்த அந்த ஒரு மாதம் இருக்கிறதே மீனா, அது அவர் பெண்டாட்டி கோயில் கோயிலாக நேர்ந்து வாங்கியதாகக்கூட இருக்கலாம்.

இதே குற்றத்தைக் கேசினோ மட்டும் செய்கிறது என்றும் நான் சொல்லமாட்டேன். உன் தம்பி ராத்திரியெல்லாம் செல்போனில் ஆப்ஷன் டிரேடிங் (பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுவது) பார்த்துக்கொண்டு, "இது திறமை அம்மா" என்கிறான். எஃப் அண்ட் ஓ என்கிற இந்த மாதிரி வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு மூன்று நிதியாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம்தான் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே 2024-ல் அறிக்கை விட்டது. படித்துக் காட்டினேன். மீதி 7-ல் தான் இருப்பதாகச் சொல்கிறான். ஆன்லைன் ரம்மிக்காரர்களும் இந்தத் திறமைப் பேச்சைத்தான் கோர்ட்டில் பேசினார்கள். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கிற தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றாலும் ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து விலக்கியது. அப்புறம் 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது.

அடுத்த சுற்று இன்டர்வியூவில் அவர்களிடம் ஒன்று கேள். ஒருவர் தொடர்ந்து தோற்கிறார், வருவதும் அதிகமாகிறது என்று புரோகிராமுக்குத் தெரிந்துவிட்டால், அவருக்குப் போகும் கூப்பன் நிற்குமா, கூடுமா? நிற்கும் என்று சொல்லி, எப்படி நிறுத்துகிறார்கள் என்றும் காட்டினால், சேர்ந்துகொள். அப்பாவை நான் சமாளித்துக்கொள்கிறேன். மழுப்பினால், சம்பளம் இரண்டு மடங்கு ஆனாலும் வேண்டாம் என்பதுதான் என் வார்த்தை. வீட்டுக் கடனை நினைத்து முடிவெடுக்காதே, அது அப்பா பென்ஷனில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று போன் பண்ணு. அப்படியே தம்பியிடமும் ஒரு வார்த்தை பேசு. நான் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறான்.

அன்புடன்,
அம்மா