எண்ணெய் கேட்டு வருபவர்களிடம் நான் கேட்கும் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுக்கோட்டையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அப்பா நடத்திய கடை. அவர் காலமான பிறகு 19 வருடங்களாகக் கல்லாவில் நான்தான் உட்கார்கிறேன். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் முடி உதிர்வுக்கு இயற்கை வைத்தியக் குறிப்புகள் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்திருந்தன. திங்கட்கிழமை காலை நான் கதவைத் திறக்கும்போதே மூன்று பேர் அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கரிசலாங்கண்ணிப் பொடி, வெந்தயம், கருஞ்சீரகம், காய்ந்த செம்பருத்திப் பூ என்று மத்தியானத்துக்குள் டப்பாக்கள் பாதி காலி. விருதுநகருக்குப் போன் போட்டு மறுபடி சரக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

குறிப்புகளில் பெரிய தவறு இல்லை. ஆனால் முடி ஏன் உதிர்கிறது என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி கூட இல்லை. அந்த ஒரு வரி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு அடுத்த தெருப் பெண். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். 2022 ஆடி மாதம் முதல்முறையாக வந்தாள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டி ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அக்கா, இது இன்னைக்குக் காலையில மட்டும்" என்றாள். நான் காய்ச்சிய கரிசாலை (கரிசலாங்கண்ணி) எண்ணெயில் கால் லிட்டர் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தாள். இன்னும் ஒரு கால் லிட்டர். இப்படியே எட்டு மாதம். நடுவில் நெல்லி சேர்த்தேன், பொடுதலை சேர்த்தேன், வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துப் பூசச் சொன்னேன். அவளும் ஒரு நாள் விடாமல் செய்தாள்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் வந்தவள், கடை வாசலில் இருக்கும் மூன்று படியை ஏறிவிட்டு, பேச முடியாமல் மூச்சு வாங்கி நின்றாள். கையைப் பிடித்து உட்கார வைத்துக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. ரத்தசோகை என்று சந்தேகம் வந்தால் அப்பா முதலில் அங்கேதான் பார்ப்பார். மெதுவாகக் கேட்டதில் மாதவிலக்கு எட்டு ஒன்பது நாள் நிற்காமல் போகிறது என்றாள். அதுவும் இரண்டு வருடமாக. வீட்டில் சொல்லக் கூச்சம். மறுநாள் அவளுடைய அம்மாவோடு நானும் போய் ரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 7.4. இருக்க வேண்டியது 12.

மருத்துவர் ரத்தப்போக்குக்குத் தனியாகச் சிகிச்சை கொடுத்து, இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினார். நாலைந்து மாதத்தில் உதிர்வது குறைந்தது. ஒரு வருடத்தில் வகிட்டோரம் குட்டிக் குட்டியாகப் புது முடி நின்றது. எட்டு மாதம் அவள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது உடம்பில் ரத்தம் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் முகத்தை மாதாமாதம் பார்த்தவள் நான். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

அன்றிலிருந்து தலைக்கு எண்ணெய் கேட்டு யார் வந்தாலும் பொட்டலம் மடிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் உடம்புக்கு என்ன வந்தது?

ஏன் மூன்று மாதம் என்றால், தலைமுடி எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. ஒவ்வொரு வேரும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்கும், அப்புறம் அந்த முடி கழன்று விழும். நம் தலையில் சுமார் 1 லட்சம் முடி இருப்பதால் தினம் 50 முதல் 100 வரை விழுவது சாதாரணம்தான். டெங்கு, டைபாய்டு மாதிரி கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைப்பது, இதில் எது வந்தாலும் நிறைய வேர்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிர்கிறது. அதற்குள் காய்ச்சலையே மறந்திருப்போம். கொரோனாவுக்குப் பிறகு எத்தனை பேர் அழுதுகொண்டு வந்தார்கள் தெரியுமா? குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். குழந்தை அப்படிச் சிரிப்பதும் இரண்டு மூன்று மாதத்தில்தான்.

இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சமயத்தில் எந்த எண்ணெய் தேய்த்தாலும் பெயர் எண்ணெய்க்குப் போய்விடும். என் கடை எண்ணெய்க்கு ஊரில் இருக்கும் நல்ல பெயரில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. காய்ச்சல் வந்து எழுந்தவர்களிடம் "நல்லாச் சாப்பிடுங்க, பயப்படாதீங்க, திரும்ப வளரும்" என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. அப்படியென்றால் என் கடைக்கு முடி உதிர்கிறது என்று வரும் பெண்களில் எத்தனை பேருக்கு அது இருக்கும்? சிலருக்கு ஹீமோகுளோபின் சரியாகத் தெரியும், உடம்பில் இரும்பின் சேமிப்பு தீர்ந்திருக்கும். அதற்கு ஃபெரிட்டின் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. தைராய்டு கோளாறிலும் முடி மெலியும். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து, முகத்தில் முடி முளைத்து, உச்சியில் மட்டும் மெலிந்தால் சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். இதில் எதையும் மண்டைக்கு மேலே பூசுவதால் தீர்க்க முடியாது. நெல்லிக்காயை எண்ணெயில் போடுவதை விடச் சோற்றோடு சாப்பிடுங்கள் என்று நான் சொல்கிறேன். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அதிலுள்ள வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

அப்படியென்றால் எண்ணெய் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். நான் விற்பது பொய்ச் சரக்கு இல்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கிப் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003இல் இந்திய ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்யவில்லை. முடி நடுவில் ஒடிவதற்கு இது நல்ல காவல். விழுந்த முடியை எடுத்துப் பாருங்கள், ஒரு நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது, இல்லையென்றால் ஒடிந்தது. ஒடிவதற்கு எண்ணெய், சீயக்காய், அரப்பு, இறுக்கிப் பின்னாமல் இருப்பது எல்லாம் உதவும். வேரோடு வந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

செய்முறையிலும் உங்கள் கட்டுரை அவசரப்பட்டுவிட்டது. பச்சிலையை அரைத்து எண்ணெயில் கலந்து வெயிலில் வைத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். சாற்றின் ஈரம் உள்ளே நின்றால் பத்து நாளில் எண்ணெய் சிக்குவாடை அடித்துப் பூஞ்சை பிடிக்கும். அதைத் தேய்த்துத் தலையெல்லாம் அரிப்போடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கரிசாலைச் சாறும் எண்ணெயும் சம அளவு எடுத்து, அடிகனமான பாத்திரத்தில் சின்னத் தீயில் காய்ச்ச வேண்டும். அடியில் தங்கும் கசண்டை விரலில் எடுத்து உருட்டினால் மெழுகு போலத் திரள வேண்டும். ஒரு திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினால் சடசடவென்று வெடிக்காமல் நின்று எரிய வேண்டும். வெடித்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. அப்பா எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இந்தத் திரிச் சோதனையைத்தான். கரிசாலை எலிகளிடம் முடி வளர்ச்சியைத் தூண்டியதாக ஆய்வுகள் உண்டு. எலிக்கு நடந்ததை வைத்து மனிதருக்கு உத்தரவாதம் கொடுக்க என்னால் முடியாது.

தலையில் வட்ட வட்டமாக முடி போகும் புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். இது நம் பாட்டிமார் சொன்னதுதான். 2002இல் பாக்தாத்தில் வெங்காயச் சாற்றை வைத்து ஒரு சின்ன ஆய்வே செய்தார்கள், சாறு பூசியவர்களில் இருபதுபேர் அளவில் முடி முளைத்தது. ஆனால் புழு எதுவும் வெட்டுவதில்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குகிறது. சின்ன வட்டம் பல சமயம் தானாகவே முளைத்துவிடும். வட்டங்கள் பெருகினாலோ புருவம் போனாலோ வெங்காயத்தோடு காத்திருக்கக் கூடாது. இப்போது அதற்கென்றே மருந்துகள் வந்துவிட்டன. சின்னப் பிள்ளைகள் தலையில் வட்டமாகச் செதில் உதிர்ந்து முடி ஒடிந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். ஒட்டிக்கொள்ளும் நோய். சீப்பையும் துண்டையும் தனியாக வைத்துவிட்டு உடனே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆண்களுக்கு நெற்றி ஏறி உச்சி தெரிவது பெரும்பாலும் பரம்பரை. அப்பா வழியும் உண்டு, அம்மா வழியும் உண்டு. அதற்கு என் கடையில் மருந்து இல்லை என்று சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மினாக்சிடில் மாத்திரையால் நோயாளிகளுக்கு முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் அதைத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாலைந்து மாதம் பொறுத்துத்தான் பலன் தெரியும், நிறுத்தினால் வளர்ந்தது போய்விடும். அதையும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். முடிக்கென்று கடைகளில் இப்போது அடுக்கி வைத்திருக்கும் பயோட்டின் (ஒரு வகை பி வைட்டமின்) மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதிக அளவில் தின்றால் தைராய்டு பரிசோதனை முடிவே தப்பாக வரலாம் என்று 2017இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. முடி ஏன் உதிர்கிறது என்று பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் காரணத்தையே அது மறைத்துவிடலாம்.

அடுத்து, கொஞ்சம் கடினமான விஷயம். அதே ஞாயிறு இதழின் ஒன்பதாம் பக்கத்தில், வழுக்கையில் 90 நாளில் முடி என்று கால் பக்க விளம்பரம் வந்திருந்தது. என் கொழுந்தனார் 27 வயதில் இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் போனார். பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், அவசரம். 38,000 ரூபாய் கட்டினார், நகைக் கடன் வாங்கி. முடியும் வரவில்லை, பணமும் வரவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் தொப்பி இல்லாமல் வெளியே வரவில்லை. மனசு நொந்து கிடந்த பிள்ளையை மறுபடி சிரிக்க வைக்க எங்கள் வீடே பாடுபட்டது.

எந்த மருந்தும் குணப்படுத்தும் என்று சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று நம் நாட்டின் மருந்து விதிகளில் இருக்கிறது, அட்டவணை ஜே என்று பெயர். அதில் வழுக்கை இருக்கிறது. புதிய முடி முளைக்கச் செய்வதும் இருக்கிறது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954லேயே சட்டம் வந்துவிட்டது. 2025 மார்ச்சில் பஞ்சாபின் சங்ரூரில் வழுக்கைக்கு எண்ணெய் தடவும் முகாமுக்குப் போன அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கண் எரிச்சலோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள். முடி போன கவலையில் இருப்பவர்கள் அச்சில் வந்ததை நம்புவார்கள். உங்கள் பத்திரிகையில் வந்தது என்றால் இன்னும் நம்புவார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அதைத்தான் வாங்குகிறோம்.

எனவே இரண்டு விஷயம் கேட்கிறேன். வழுக்கையைக் குணமாக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களை வாங்காதீர்கள். இயற்கை வைத்தியக் குறிப்புகள் போடும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சலா, பிரசவமா, மாதவிலக்கு அதிகமா, மூச்சு வாங்குகிறதா, வட்டமாகப் போகிறதா என்று கேட்டு, ஆமாம் என்றால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை அங்கே இலவசம். பெரிய அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவும் இருக்கிறது. அலோபதி பிடிக்காதவர்கள் அங்கேயாவது படித்த மருத்துவரிடம் கையைக் காட்டலாம்.

நான் கையால் எழுதிய அட்டை ஒன்று கடை முகப்பில் தொங்குகிறது. ஐப்பசிச் சாரலில் மை கரைந்து பாதி எழுத்து போய்விட்டது. நீங்கள் அந்தக் கட்டத்தை அச்சிட்டால், வெட்டி அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடை வாசகி,
புதுக்கோட்டை